கரிமுனையில் நின்றவர்

ஒன்பது வருடம் கழித்து நான் ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அம்மா மேசையில் மூன்று கிண்ணம் வைத்தாள்.

"மூணாவது யாருக்கும்மா?"

"ஆம்ப்ரோஸுக்கு. நீ ஊர் ஊரா சுத்திட்டு இருந்தப்ப, வாரம் தவறாம இந்தப் படி ஏறி வந்த ஒரே மனுஷன் அவன்தான்."

கப்பலில் கொண்டுவந்த என் பெட்டி இன்னும் கயிறு அவிழ்க்காமல் கதவோரம் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினாள்.

ஆம்ப்ரோஸ் ரெயின் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அப்பா ஓட்டிய ரயில் எஞ்சினில் இருபத்தொரு வருடம் அடுப்புக்குக் கரி போடும் ஃபயர்மேனாக இருந்தவர். தலை முழுக்க நரைத்திருந்தது. உடம்பில் கரி வாசனைக்குப் பதிலாக விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் வாசனை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவருக்குக் காது கேட்காது. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பதாம் வருடம் வெடித்த பாய்லர் என் அப்பாவின் உயிரையும் ஆம்ப்ரோஸின் காதையும் கொண்டுபோனது என்று ஊரே சொல்லும். ரயில் கம்பெனி அவர்மேல் இரக்கப்பட்டு விளக்கு துடைக்கும் அறையில் வேலையும், அதற்குப் பின்னால் படுக்க இடமும் கொடுத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் வேணுமான்னு அவனைக் கேளு," என்றாள் அம்மா, அடுப்பைக் கிளறியபடி.

நான் பார்லிக் கஞ்சிச் சட்டியோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். யோசிக்காமல் குதிகாலால் பலகைத் தரையில் இரண்டு முறை தட்டினேன். அவர் உடனே திரும்பி, சிரித்து, கிண்ணத்தை நீட்டினார்.

அம்மா இதைக் கவனிக்கவில்லை. நான்தான் என் குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் ரீகா நகரில் ஐந்து வருடம் நான் வேலை பார்த்த வியாபாரியின் விதவைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மற்ற வேலைக்காரிகள் அவளைக் கூப்பிட ஓடிப்போய் முகத்துக்கு முன்னால் நிற்பார்கள். நான் போன முதல் நாளே தரையில் தட்டினேன். யார் கற்றுக்கொடுத்தது என்று அந்த அம்மாள் எழுதிக் கேட்டாள். யாரும் இல்லை, தானாக வந்தது என்று எழுதினேன். ஐந்து வருடமும் அப்படித்தான் நம்பினேன். ஆம்ப்ரோஸின் திரும்பிய முகத்தைப் பார்த்தபோதுதான் கற்றுக்கொடுத்தவர் யார் என்று நினைவு வந்தது. என் அப்பா. அப்போது எனக்கு எட்டு வயது. பாய்லர் வெடிப்பதற்கு ஆறு வருடம் முன்பு.

ஆம்ப்ரோஸ் மேற்கே மலைப்பக்கத்துக்காரர். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சு கெட்டுச் செத்தவர்களின் பிள்ளை. எனக்கும் அந்தச் சாவு வேண்டாம் என்று இருபத்துமூன்று வயதில் கால்நடையாக இறங்கி வந்து, கம்பெனியின் எஞ்சின் ஷெட் வாசலில் நின்றாராம். அந்த வருடம்தான் கம்பெனி ஒரே அச்சில் ஆறு எஞ்சின்களைக் கட்டி முடித்திருந்தது. ஆறுக்கும் தொழில்களின் பெயர். உழவன், நெசவாளி, கொல்லன், மாவரைப்பவன், கல்தச்சன், மேய்ப்பன். அப்பாவுடையது மேய்ப்பன். ஆட்களை ஏற்றும் எஞ்சின்களுக்குப் பச்சை வர்ணமும் பித்தளைப் பட்டையும் உண்டு. இந்த ஆறுக்கும் கறுப்பு மட்டும். ஆறு சக்கரத்தையும் இரும்புத் தண்டால் பிணைத்திருப்பார்கள். இழுவை உண்டு, வேகம் கிடையாது. முப்பது வேகன் கரியைச் சுரங்கத்திலிருந்து ஆற்றுத் துறைமுகத்துக்கு இழுத்துப் போகும். வழியில் ஒருத்தன் இறங்கி, வேலியோரம் ஒதுங்கிவிட்டு, நடந்தே வந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம் என்று பச்சை எஞ்சின்காரர்கள் கேலி செய்வார்கள். அது கேலியும் இல்லை, உண்மைதான்.

அந்த ஆறு எஞ்சின்களின் தனிக்குணம் இதுதான். பாய்லருக்குள் நெருப்புக்குழாய் ஒரு முனையில் தொடங்கி, மறுமுனை வரை போய், வளைந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும். அதனால் அடுப்பு வாயும் புகைபோக்கியும் ஒரே பக்கம், முன்னால். கரி வண்டியும் முன்னால்தான். ஃபயர்மேன் அங்கே நிற்பார். டிரைவர் பின்னால், தண்ணீர்ப் பீப்பாய் வண்டியோடு நிற்பார். அந்தப் பக்கத்துக்குக் கரிமுனை, இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர்முனை என்று பெயர். நடுவில் இரும்பு மலை மாதிரி பாய்லர். நெருப்பு எப்படி இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஃபயர்மேனுக்குத் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் முடியாது.

அதனால் தட்டிப் பேசுவார்கள். டிரைவர் சுத்தியலால் கைப்பிடிக் குழாயில் ஒரு தட்டுத் தட்டினால் நெருப்பைக் கூட்டு. இரண்டு தட்டினால் போதும். விடாமல் தட்டினால் நெருப்பை வாரிக் கீழே கொட்டு, தண்ணீர் போய்விட்டது. கேட்டதற்கு அடையாளமாக ஃபயர்மேன் மண்வெட்டியால் ஒரு தட்டுத் திருப்பித் தருவார்.

"டிரைவர் ஹெஸ்லாப்புக்கும் ஃபயர்மேன் ரெயினுக்கும் இத்தனை வருஷமா ஒரு சண்டை வந்ததில்லையாமே?"

"எப்படி வரும்? நடுவுல பாய்லர் நிக்குதே. எனக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல ஒண்ணு மாட்டிக் குடுங்கப்பா, நாங்களும் ஒத்துமையா இருந்துட்டுப் போறோம்!"

ஷெட்டில் இப்படிச் சிரிப்பார்கள். அப்பா, டோபியாஸ் ஹெஸ்லாப், சிரிக்க மாட்டார். ஆம்ப்ரோஸ் தாமதமாகச் சிரிப்பார். மற்றவர்கள் வாயைப் பார்த்துப் பிறகு சிரித்தார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அப்பா எனக்கு அதை விளையாட்டாகத்தான் சொல்லிக்கொடுத்தார். "தாமசின், மாமாவை வாயால கூப்பிடக் கூடாது. காலால கூப்பிடணும். இது எஞ்சின்காரங்க பாஷை, வெளியில சொல்லிடாதே." நான் தட்டுவேன். ஆம்ப்ரோஸ் மாமா திரும்பி, பயந்தவர்போல் கண்ணை உருட்டுவார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் காலத்தில் கம்பெனி புது மாதிரிக் கரி எஞ்சின்களை வாங்க ஆரம்பித்தது. அவற்றில் அடுப்பும் கைப்பிடியும் ஒரே பக்கம். டிரைவரும் ஃபயர்மேனும் தோளோடு தோள் நிற்கலாம். மழைக்கு மறைப்பாக முன்னால் ஒரு தகடு கூட உண்டு. அப்பாவுக்கு அதில் இரண்டு தடவை இடம் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றார்.

"ஏன் வேண்டாம்?" அம்மா சுவர் அதிரக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "உங்களைவிடச் சின்னவங்கள்லாம் தகடு மறைவுல நிக்கிறாங்க. நீங்க மட்டும் மழையில நனைஞ்சு இருமிட்டு வர்றீங்க."

"மேய்ப்பனுக்குக் கை பழகிடுச்சு மார்கரி."

"பழகினது கையா, பயமா? புதுசுன்னா உங்களுக்குப் பயம். கோழை!"

அப்பா பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்தார்.

ஐம்பத்தொன்பது ஏப்ரல், ஒரு திங்கட்கிழமை மத்தியானம். முதலாளிமார் பயணம் போகும் தனி வண்டி ஒன்று வருகிறதென்று மேய்ப்பனை முப்பது வேகனோடு பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கினார்கள். வண்டி இதோ வருகிறது என்றார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. இந்த எஞ்சின்களில் சக்கரம் சுழன்றால்தான் பம்பு ஓடும். நின்றால் பாய்லருக்குள் புதுத் தண்ணீர் ஏறாது. மற்ற நாளாயிருந்தால் எஞ்சினைக் கழற்றி முன்னும் பின்னும் நாலு நடை ஓட்டித் தண்ணீர் ஏற்றிக்கொள்வார்கள். அன்று முன்னால் வேறு வண்டியின் வேகன்கள், பின்னால் தன் வேகன்கள். நகர இடமில்லை. அடுப்பில் நெருப்போ கொழுந்துவிட்டு எரிந்தது, தனி வண்டி தாண்டினதும் ஏற்றத்தில் இழுக்க வேண்டும் என்று ஆம்ப்ரோஸ் கரியை வாரிப் போட்டிருந்தார். தண்ணீர் இறங்கி, குழாய் காய்ந்து, வெடித்தது.

அப்பாவின் உடல் டிரைவர் இடத்தில் கிடக்கவில்லை. எஞ்சினின் நடுப்பகுதிக்கு நேராகத் தரையில் கிடந்தது. ஆம்ப்ரோஸ் முப்பது கஜம் தள்ளிப் புல்வெளியில் இருந்தார். அங்கே ஆள்காட்டிக் குருவி கூடு வைத்திருந்ததைத் தினமும் போகும்போது பார்த்து வைத்திருந்தாராம். காத்திருந்த நேரத்தில் முட்டை எடுக்க இறங்கியிருந்தார்.

சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புருவம் கருகியிருந்தது. தொப்பியில் நாலு முட்டை, ஒன்றுகூட உடையவில்லை. மேசையில் தொப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த முட்டைகளை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

விசாரணை சத்திரத்து மாடியில் நடந்தது. மரண விசாரணை அதிகாரி ஆம்ப்ரோஸைப் பார்த்து, சத்தமாக, வாயை நன்றாகத் திறந்து கேட்டார். வெடியில் காது போனவர் என்று எல்லாரும் அப்படித்தான் அவரிடம் பேசினார்கள்.

"டிரைவர் தட்டினதை நீ கேட்டியா?"

"இல்லைங்க ஐயா. ஒண்ணும் கேக்கலை."

"முப்பது கஜத்துல தட்டுச் சத்தம் கேக்குமா?"

ஜூரியில் இருந்த கொல்லன் சிரித்தான். "அரை மைல் கேக்கும் ஐயா."

அவ்வளவுதான். டோபியாஸ் ஹெஸ்லாப் தண்ணீரைப் பார்க்காமல், தன் இடத்தை விட்டு இறங்கி, காலாற நடந்துகொண்டிருந்தார் என்று எழுதினார்கள். எங்கள் ஊரில் எஞ்சினில் செத்த டிரைவரை ஷெட் ஆட்கள் ஆறு பேர் தோளில் தூக்கிப் போவார்கள். தண்ணீரை இறங்க விட்டுப் பாய்லரைக் கொன்றவனை ஷெட் தொடாது. அப்பாவை அம்மாவின் அண்ணன் தம்பிகள் வெளியூரிலிருந்து வந்து தூக்கினார்கள். ஷெட்டிலிருந்து வந்தவர் ஆம்ப்ரோஸ் ஒருத்தர்தான், பெட்டிக்குப் பின்னால், தலை குனிந்து. கம்பெனி வீட்டை ஒரு மாதத்தில் காலி செய்தோம். அம்மா தேவாலயத்துக்குப் பின்னால் இந்த ஒற்றை அறையில் துணி துவைக்க உட்கார்ந்தாள். நான் பதினாலு வயதில் ஒரு துரைசாணியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினேன்.

ஞாயிறு கழிந்து திங்கள் காலையில் விளக்கறைக்குப் போனேன். ஆம்ப்ரோஸ் முதுகு காட்டி உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். தரை கல். தட்டிப் பிரயோஜனமில்லை. சுற்றிப்போய் முன்னால் நின்றேன்.

"மாமா, உங்களுக்கு எப்ப காது போச்சு?"

"அது... பாய்லர் வெடிச்சப்ப."

"எனக்கு எட்டு வயசுல அப்பா காலால தட்டச் சொல்லிக் குடுத்தாரே. அப்ப?"

அவர் கையிலிருந்த கண்ணாடியைப் பஞ்சில் சுற்றி, பக்கத்தில் வைத்தார். பிறகு, காது கேட்காதவர்களின் ஏற்ற இறக்கமில்லாத குரலில் பேசினார்.

"நான் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே அண்ணன் கண்டுபிடிச்சுட்டாரு. ஒரு நாள் துறைமுகத்துல என்னைத் தனியா கூட்டிட்டுப் போய், 'ஆம்ப்ரோஸ், குழாயில தட்டினா உனக்கு வரமாட்டேங்குது, இனிமே அடிச்சட்டத்துல தட்டுறேன், காலால கேளு'ன்னாரு. அந்த இரும்புச் சட்டம் இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே நீளம். தட்டினா பூட்ஸுக்குள்ள வந்துடும். ஆறு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். ஒரே ஒரு கட்டளை போட்டாரு: 'நீராவி இருக்கிற வரைக்கும் இரும்பை விட்டு இறங்காதே.'"

"அதனாலதான் புது எஞ்சின் வேண்டாம்னாரா?"

"புது எஞ்சின்ல பக்கத்துல நின்னு பேசணும்மா. மேஸ்திரி வருவாரு, பேசுவாரு. ஒரே நாள்ல தெரிஞ்சுடும். அண்ணனுக்கு வேற ஃபயர்மேன் குடுத்துட்டு என்னை வெளியில அனுப்பிடுவாங்க. திரும்ப ஈயச் சுரங்கம்."

"அன்னிக்கு அப்பா தட்டினாரா?"

இதைக் கேட்கத்தான் வந்தேன். கேட்டபிறகு கேட்காமல் போயிருக்கலாமே என்று இருந்தது.

"திங்கட்கிழமை காலையில அடிச்சட்டத்துக்கு நான் கறுப்பு பூசுறது வழக்கம்," என்றார். "லேசா தட்டினா கறுப்பு போகாது. வெடிச்சு அடங்கினப்புறம் ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணிமுனையில சட்டத்துல ஏழு இடம் பளபளன்னு இருந்துச்சு. ஏழு. சுத்தியல் அவர் கையிலேயே இருந்தது. தட்டித் தட்டிப் பார்த்துட்டு, மண்வெட்டிச் சத்தம் திரும்பி வரலைன்னதும், தானே நெருப்பை வாரிடலாம்னு குதிச்சு ஓடி வந்திருக்காரு. பாதி தூரம் வந்துட்டாரு."

"அதை ஏன் விசாரணையில சொல்லலை?"

"ஆளுங்க வர்றதுக்குள்ள அடுப்பு மசியை எடுத்து அந்த ஏழு மேலயும் தடவிட்டேன்." கையைத் தூக்கி, கட்டைவிரலால் காற்றில் தடவிக் காட்டினார். "ஏன் செஞ்சேன்னு கேக்காதே. கை செஞ்சுது. அப்புறம் அவங்க கேட்டாங்க, கேட்டியான்னு. இல்லைன்னேன். பொய் சொல்லலையேன்னு அன்னிக்கு ராத்திரி எனக்கே சொல்லிக்கிட்டேன்."

"அம்மாவுக்கு?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லத்தான் வர்றேன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதே சமயம் அவர் சட்டைக் காலரில் கிழிசலை அம்மா தைத்துக் கொடுத்திருப்பது கண்ணில் பட்டது. அந்தத் தையலை எனக்குத் தெரியும்.

"இந்த ஞாயிறு நீங்க சொல்றீங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

முதலில் ஷெட்டில் சொல்கிறேன் என்றார். அதுதான் முறை, அண்ணனைத் தூக்க மறுத்தது அவர்கள்தானே என்றார். சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ஷெட்டுக்குப் பின்னால் நெசவாளி எஞ்சினை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறு எஞ்சின்களில் கம்பெனியிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மேய்ப்பனைப் பழுதுபார்த்து ஒரு சுரங்கத்துக்கு எப்போதோ விற்றுவிட்டார்கள். புகைபோக்கி புல்லில் கிடந்தது. ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, சம்மட்டிக்காரர்கள் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சம்மட்டி நிற்கவில்லை. அது அவருக்குத் தெரியவில்லை.

"பெரியவரு என்ன சொல்றாரு?" என்றான் ஓர் இளம் டிரைவர் என்னிடம்.

"டோபியாஸ் ஹெஸ்லாப் மேல தப்பில்லைன்னு சொல்றாரு."

"யாரு ஹெஸ்லாப்?"

இன்னொருவன் சொன்னான், "இந்த எஞ்சின்லயா? ரெண்டு பேரு ரெண்டு முனையில நின்னுட்டு ஓட்டினாங்களாமே! எந்தப் புண்ணியவான் இதைக் கட்டினான்?" எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. அவர்கள் வாயைப் பார்த்து, வழக்கம்போல் சற்றுத் தாமதமாக, ஆம்ப்ரோஸும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் அம்மா மூன்று கிண்ணம் வைத்தாள். ஆம்ப்ரோஸ் உட்காரவில்லை. கதவோரம், என் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார். ஆறு வருடச் செவிடு, இரும்பை விட்டு இறங்காதே என்ற பேச்சு, புது எஞ்சின், குருவி முட்டை, ஏழு தட்டு, மசி. எதையும் விடவில்லை. அம்மா கரண்டியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எழுந்துபோய், எங்களுக்கு முதுகு காட்டி, கழுவிய சட்டியை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

அப்படியே பேசினாள். முகத்தைத் திருப்பவில்லை.

"ஏழு தடவை கூப்பிட்டிருக்காரு. நான் இந்த ஒன்பது வருஷமும் அவரைத் திட்டினேன்டி. ஒரு தடவை தட்டியிருந்தா என்ன, அதுக்குக்கூட சோம்பலான்னு. செத்த மனுஷனைத் திட்டினேன். இவனுக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டே திட்டினேன். இவன் தலையை ஆட்டிக்கிட்டே சாப்பிட்டான்." சட்டியில் தண்ணீர் ஊற்றினாள். "கோழைன்னேன் அவரை. மழையில நனைஞ்சது யாருக்காகன்னு சொல்லியிருக்கலாம்ல? என்கிட்டகூட சொல்லலையே. இவனை மன்னிக்க எனக்கு மனசு இல்ல, தாமசின். வெளிய போடான்னு சொல்லவும் மனசு இல்ல. இவனையும் அனுப்பிட்டா அவரைத் தெரிஞ்சவங்கன்னு இந்த ஊர்ல யாருடி இருக்கா எனக்கு?"

தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கஞ்சி ஆறுது. சாப்பிடச் சொல்லு," என்றாள்.

ஆம்ப்ரோஸ் அம்மாவின் முதுகையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி கையில் நசுங்கியிருந்தது.

"அண்ணி என்ன சொன்னாங்க?"

அவர் என் உதட்டைப் படிக்கும்படி நேராக நின்று, நிதானமாகச் சொன்னேன்.

"கஞ்சி ஆறுது, சாப்பிடச் சொன்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலை."

அவர் என் வாயை இன்னும் சற்று நேரம் பார்த்தார். பிறகு மேசைக்குப் போய், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கரண்டியை எடுத்தார்.